விருது கொடுக்க முன்னர் சில கேள்விகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டையொட்டி எங்கள் சங்கம் இந்த வருடம் முதல் பழைய மாணவி ஒருவருக்கு விருது வழங்கப்போகிறது. அது யாருக்கு என்ற கதை ஏற்கெனவே கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் தொடங்கிவிட்டது. யாருக்கு என்பதற்கு முன்னர், எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி செயற்குழு என்னைக் கேட்டது. நான் ஒரு வைத்தியர். விருதுகளைப் பற்றி எனக்குத் தனியான அறிவு கிடையாது. ஆகவே நாடுகள் தங்கள் அதியுயர் விருதை எப்படிக் கொடுக்கின்றன என்று தேடிப் படித்தேன். படித்ததில் எங்களுக்கு உதவக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எங்கள் நாடு. இலங்கையின் அதியுயர் குடிமக்கள் விருது ‘ஸ்ரீலங்காபிமான்ய’. 1986இல் ஏற்படுத்தப்பட்டது. ஜனாதிபதி வழங்குவது. இதற்கு அடுத்தபடியில் தேசமான்ய, பின்னர் தேசபந்து, விஞ்ஞானத்துக்கு வித்யாஜோதி, கலைக்குக் கலாகீர்த்தி என்று வரிசை போகும். ஸ்ரீலங்காபிமான்யவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே காலத்தில் உயிருடன் இருப்பவர்களில் ஐந்து பேருக்கு மேல் அதை வைத்திருக்க முடியாது. முதல் வருடம் அதை அப்போதைய பிரதமர் பிரேமதாச பெற்றார். 2005இல், இங்கே வந்து குடியேறிய எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் பெற்றார். 2007இல் சர்வோதய இயக்கத்தின் ஆரியரத்ன, சினிமா நெறியாளர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த வீரமந்திரி ஆகிய மூவரும் பெற்றார்கள்.

அடுத்தது இந்தியா. அங்கே பாரத ரத்னா 1954இல் தொடங்கியது. முதல் வருடம் பெற்ற மூவருமே தென்னாட்டவர்கள்: ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி. வி. ராமன். பிரதமர் ஜனாதிபதிக்குப் பரிந்துரைப்பார், ஜனாதிபதி வழங்குவார். வேறு எவருடைய விண்ணப்பமும் தேவையில்லை. காசு கிடையாது. ஜனாதிபதி கையொப்பமிட்ட சான்றிதழும், அரச இலை வடிவில் ஒரு பதக்கமும்தான். எங்கள் நாட்டில் ‘தேசமான்ய’ என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார்கள். இந்தியாவில் அது ஆகாது. அவர்களுடைய அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை பட்டங்களை ஒழித்திருக்கிறது. இந்த விருதுகள் பட்டங்கள் அல்ல, ஆகவே பெயரோடு சேர்க்கக்கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு என்று எனக்குப் படுகிறது. விருது செய்த வேலைக்கு, பெயருக்கு அல்ல.

இனி எங்களுக்கான கேள்விகளுக்கு வருகிறேன்.

முதலாவது, தெரிவு செய்பவர் தாமே பெறலாமா? இந்திரா காந்தி 1971இல் பிரதமராக இருந்தபோதே பாரத ரத்னா பெற்றார். நேருவும் 1955இல் பிரதமராக இருந்தபோதுதான் பெற்றார். அதை ராஜேந்திர பிரசாத் தாமாகவே முடிவெடுத்து வழங்கினார் என்பார்கள். எப்படி நடந்திருந்தாலும், கதைக்கிறவர்கள் இன்றைக்கும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெற்றவர்கள் தகுதியானவர்களாக இருந்தாலும் முறை பிழைத்தால் விருதுக்குத்தான் குறை. எங்கள் தெரிவுக்குழுவில் இருப்பவர், அந்தக் குழுவில் இருக்கும்வரை விருது பெறக்கூடாது. அவருடைய உடன்பிறந்தாரும் கூடாது.

இரண்டாவது, எண்ணிக்கை. பாரத ரத்னா வருடத்துக்கு மூன்று பேருக்கு மேல் இல்லை என்பது வழக்கம். 1999இல் நால்வருக்குக் கொடுத்தார்கள். 2024இல் ஐவருக்குக் கொடுத்தார்கள். அது தேர்தல் வருடம். எல்லை போடுவது சுலபம். அதைக் காப்பதுதான் கஷ்டம். எங்களுக்கு வருடத்துக்கு ஒருவர் போதும். தகுந்தவர் இல்லாத வருடம் கொடுக்காமல் விடவும் மனம் வேண்டும்.

மூன்றாவது, காலம். அந்த 2024ஆம் வருடத்து ஐவரில் நால்வர் காலமானவர்கள். பசுமைப் புரட்சியின் எம். எஸ். சுவாமிநாதன் அவர்களில் ஒருவர். சில மாதங்களுக்கு முன்னர்தான் இறந்திருந்தார். காமராஜருக்கு 1976இல், அவர் மறைந்த பின்னர் கிடைத்தது. எம்.ஜி.ஆருக்கும் அப்படியே. இதற்கு மாறாக, பெண் கல்விக்காக வாழ்ந்த கார்வே என்ற பெரியவரைப் பாருங்கள். கைம்பெண்களுக்கு விடுதியும் பள்ளியும் அமைத்தவர். 1916இல் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியவர். அவருக்கு 1958இல், நூறாவது வயதில் பாரத ரத்னா கொடுத்தார்கள். உயிரோடிருக்கும்போதே பெற்றார். பெண் பிள்ளைகளின் பாடசாலை நாங்கள்; எங்களுக்கு அவரைவிட நல்ல உதாரணம் இல்லை. எங்கள் விருது உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். மறைந்தவர்களுக்கு நினைவுரை இருக்கிறது, புலமைப்பரிசில் இருக்கிறது.

நான்காவது கேள்விதான் என் மனத்தில் கனமாக இருப்பது: யாருடைய பெயர் மேசைக்கு வருகிறது? 2024 வரை பாரத ரத்னா பெற்றவர்கள் 53 பேர். அவர்களில் பெண்கள் ஐவர் மட்டுமே: இந்திரா காந்தி, அன்னை தெரேசா, அருணா ஆசப் அலி, எம். எஸ். சுப்புலட்சுமி, லதா மங்கேஷ்கர். என் துறையில் நான் தலைவணங்குபவர் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்து வைத்தியர் சாந்தா. அறுபது வருடங்களுக்கு மேல் ஏழை நோயாளர்களோடு வாழ்ந்தவர். பத்மசிறீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் என்று ஒவ்வொரு படியாக ஏறி, இரண்டாவது உயர்ந்த விருதோடு 2021இல் காலமானார்.

பெயர் சொல்ல ஆளில்லாதவர்களுக்கு வழி திறந்தால் என்ன நடக்கும் என்பதையும் அங்கேயே கண்டோம். பத்ம விருதுகளுக்கு யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம் என்று இணையவழியில் வழிசெய்தார்கள். 2018இல் கர்நாடகத்துக் கிராமத்து மருத்துவிச்சி நரசம்மாவுக்குப் பத்மசிறீ கிடைத்தது. காசு வாங்காமல் பல ஆயிரம் பிள்ளைப்பேறு பார்த்தவர். அடுத்த வருடம் மதுரைப் பக்கத்துக் களஞ்சியம் சின்னப்பிள்ளைக்குக் கிடைத்தது. கூலிவேலை செய்து, கிராமத்துப் பெண்களைச் சேமிப்புக் குழுக்களாகச் சேர்த்தவர்.

இப்போது எங்கள் தீவுகளை நினையுங்கள். காலையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, நெடுந்தீவுக்குப் படகேறும் ஆசிரியைகள் நிற்பார்கள். சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் போவார்கள். நயினாதீவிலும் அனலைதீவிலும் வீடு வீடாகச் சைக்கிளில் போகும் மிட்வைவ் அம்மாமார் இருக்கிறார்கள். இரவில் வயிற்றுவலி எடுத்த தாயைப் படகில் ஏற்றி, கையைப் பிடித்தபடி இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் அவர்கள். அந்தத் தாய் என்னைப் போன்ற வைத்தியரிடம் உயிரோடு வந்து சேர்ந்தால், பாதி வேலை கடலிலேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவர்களில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குத் தங்கள் பெயரை எழுதி அனுப்பத் தெரியாது என்றில்லை, அனுப்பமாட்டார்கள். அது வளர்ப்பு.

வெளிநாட்டிலிருந்து கட்டடத்துக்குக் காசு அனுப்பிய அக்காமாரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் காசில்லாமல் இந்த மண்டபம் இல்லை. அவர்களுக்கு நன்றி சொல்லக் கல்வெட்டு இருக்கிறது. விருது வேறு. நன்கொடைப் பட்டியலைப் பார்த்து விருது கொடுத்தால் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். நாங்கள் நினைப்பதைவிடக் கெதியாக விளங்கிக்கொள்வார்கள்.

ஆகவே செயற்குழுவிடம் நான் கேட்பது இவை. எந்தப் பழைய மாணவியும் இன்னொருவரைப் பரிந்துரைக்கலாம். தன்னைத்தானே பரிந்துரைக்க வேண்டாம். தெரிவுக்குழுவில் எங்கள் சங்கத்தைச் சேராத ஒருவராவது இருக்கட்டும். என்ன வேலைக்காகக் கொடுக்கிறோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, மேடையில் வாசித்து, அடுத்த மலரில் அச்சிடுவோம். காரணம் சொல்ல முடியாத விருதைக் கொடுக்கக்கூடாது.

உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. உங்கள் வகுப்பில் இருந்தவர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஊரில் இருந்து அமைதியாக வேலை செய்யும் ஒருவருடைய பெயராவது ஞாபகம் வரும். அவர் என்ன செய்தார், எத்தனை வருடம் செய்தார், யாருக்கு அதனால் நன்மை வந்தது என்று பத்து வரி எழுதுங்கள். மலரின் கடைசியில் பரிந்துரைப் படிவம் ஒன்றைச் சேர்க்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். படிவம் வெறுமையாகத் திரும்பி வந்தால், அடுத்த வருடம் மேடையில் யார் நின்றாலும் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.