பூட்டு யாருக்கு?

 

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? “செல்போன் விளையாட்டும் ஜப்பான் கார்ட்டூனும் பிள்ளைகளைக் கெடுத்துப்போடுச்சு”ன்னார். ஐயா, ‘டீமன் ஸ்லேயர்’ படம் 2025 செப்டம்பரில் தமிழ் பேசியே தியேட்டருக்கு வந்துச்சு. தங்கச்சியைக் காப்பாத்த ஓர் அண்ணன் படுற பாடுதான் அந்தக் கதை! ‘பாசமலர்’ பார்த்து அழுத நாம இதைக் குறை சொல்லலாமா? (கைதட்டல்)

அப்போ குடும்பத்தைக் கெடுக்கிறது எது? காசு கட்டி ஆடுற ரம்மி! தாலிக்கொடியை அடகுக்கடைக்கு அனுப்புறது அதுதான். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு விதி போட்டது. பதினெட்டு வயசு ஆகாதவங்க ஆடவே கூடாது. மத்தவங்க ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை உள்ளே நுழையக் கூடாது. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிருச்சு. ஆகஸ்டில் நாடாளுமன்றம், காசு ஆட்டத்தையே தடுத்துச் சட்டம் இயற்றியது. நான் கேட்கிறேன்: அந்த நடுராத்திரிப் பூட்டு யாருக்குங்க? பிள்ளைக்கா? அப்பனுக்கு! (சிரிப்பு)

விடியுமுன்னே கடலுக்குக் கிளம்புற மீனவர் கையிலும் போன் இருக்கு. அலை எவ்வளவு உயரம், காத்து எப்படின்னு ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் தருகிற தகவல் அதில்தான் வருது. அதே போன் ஒருத்தரைக் கரை சேர்க்குது, இன்னொருத்தரைக் கவிழ்க்குது.

அதனால, பிள்ளை கையில இருக்கிற போனைப் பிடுங்குறதுக்கு முன்னால, ராத்திரி நம்ம விரல் எதைத் தட்டுதுன்னு பார்த்துக்குவோம்.