கஞ்சா வரியும் கரிசற் காடும்



கஞ்சாவுக்கு இசைவளித்து வரி போட்டால் கள்ள வணிகம் ஒழியும், கருவூலம் நிறையும் என்னும் பேச்சு படித்தவர் நடுவே உலவுகிறது. இது புதுப் பேச்சன்று. 1893இல் வெள்ளையராட்சி அமர்த்திய ஆணைக்குழு, முற்றத் தடுக்க வேண்டா, உரிமமும் வரியும் போதும் என்றே மறுவாண்டு அறிக்கை தந்தது. 1985ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமே நாடெங்கும் கஞ்சாவை விலக்கியது; அதிலும் தனியிலை தப்பியது.

வரி யாதென்று கரிசல் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டா. 1934இல் தீக்குச்சிக்குத் தீர்வை வந்தது. கட்டியவன் ஆலைக்காரன், கொடுத்தவன் அடுப்பு மூட்டியவன். கஞ்சா வரியும் கூலிக்காரன் மடியிலிருந்தே வரும்.

மதுவைப் பாருங்கள். 1937இல் சேலத்தில் மதுவிலக்கு. இழந்த வருவாய்க்கு ஈடாக 1939இல் விற்பனை வரி. 1971இல் கடை திறந்தது. விற்பனை வரி போயிற்றா? 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. 2023-24இல் வருவாய் 45,000 கோடி உருபாவுக்கு மேல். இத்தனை கடைகளிருந்தும் 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. வரியேறிய புட்டி வாங்கவியலாதவனுக்கு மலிவான உறைச் சாராயம் காத்திருந்தது. கனடாவும் 2018இல் கஞ்சாவைத் திறந்தது. கள்ளச் சந்தை சுருங்கிற்று, மடியவில்லை.

சிறுபொட்டலத்துக்காக ஏழை இளைஞனைச் சிறையில் வாட்டுவது கொடுமை என்பார் சொல்லில் உண்மையுண்டு. தண்டனையைத் தளர்த்துவது வேறு. விற்பனையை அரசின் பிழைப்பாக்குவது வேறு. வரவு செலவுத் திட்டத்தில் ஒருமுறை ஏறிய அவ்வருவாயை எந்த அமைச்சர் அடித்தெழுதுவார் என்பதை வரி கேட்போர் முதலிற் சொல்லட்டும்.