அம்பு ஏன் அசையவில்லை?

 

இன்றைய பேச்சு ஒரு சின்னப் பொருளைப் பற்றியது. அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் பெயர் மவுஸ். பாடப் புத்தகத்தில் சுட்டி என்று இருக்கும். கம்ப்யூட்டர் திரையில் ஓடும் அம்பை நகர்த்துவது அதுதான்.

மவுஸ் என்றால் எலி. 1964-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பர்ட் என்பவரின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் முதல் மவுஸைச் செய்தார். அது மரத்தால் ஆனது. வால் போல ஒரு கம்பி நீண்டிருந்தது. எலி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பல இடங்களில் வால் இல்லாத எலி வந்துவிட்டது. வசதிதான். ஆனால் வால் போனதோடு சில புதுத் தொல்லைகளும் வந்தன.

ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பொதுச் சேவை மையம். இப்படிப்பட்ட மையங்கள் இந்தியாவில் எல்லா மாநிலங்களிலும் உண்டு. அந்த மையத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவள். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

நவம்பர் மாதக் கடைசி நாள். ஒரு பாட்டி வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவருடைய கணவர் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம்தான் பாட்டிக்குச் சோறு போட்டது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். 2014 முதல் இதைக் கம்ப்யூட்டரில் கைரேகை வைத்தே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் என்று அதற்குப் பெயர். நவம்பருக்குள் சான்று போகவில்லை என்றால், அது போய்ச் சேரும்வரை பணம் நின்றுவிடும்.

பெண் மவுஸை நகர்த்தினாள். அம்பு அசையவில்லை. மேசையில் தட்டினாள். அப்போதும் அசையவில்லை.

"பாட்டி, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாரு."

"நாளைக்கு வந்தா தேதி போயிடுமே கண்ணு. நேத்து நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு பாட்டி."

"கரண்டு இருக்கா?"

"இருக்கு. படம் தெரியுது. அம்புதான் அசையல."

"அப்ப பெட்டி கெடல. உன் கையில இருக்கறதைப் பாரு. டார்ச் லைட்டு எரியலன்னா முதல்ல எதைப் பாப்போம்?"

பாட்டி கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. படித்தவர்கள்கூடப் பல நேரம் இதைக் கேட்பதில்லை. உடனே மெக்கானிக்குக்குப் போன் போடுகிறார்கள்.

பெண் மவுஸைத் திருப்பினாள். அடிவயிற்றில் ஒரு சின்ன சுவிட்சு இருந்தது. ஒரு பக்கம் ஆன், மறுபக்கம் ஆஃப் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பையில் போட்டு எடுக்கும்போது இந்தச் சுவிட்சு தானாகவே நகர்ந்துவிடுவது உண்டு. இங்கே அது ஆன் பக்கமே இருந்தது. ஆனால் அடியில் எப்போதும் தெரியும் சிவப்பு வெளிச்சம் இல்லை. சில மவுஸ்களில் அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வெளிச்சம் இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. இந்த மவுஸில் தினமும் தெரிந்த வெளிச்சம் போயிருந்தது.

மூடியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பென்சில் செல். ஒன்றரை வோல்ட். வைக்கும் இடத்தில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இருந்தன. பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். நாற்பது வயதில் இரவு வகுப்பில் கற்ற குறிகள் அவை. செல்லின் மொட்டு கூட்டல் பக்கம் இருந்தது. தட்டையான அடிப்பக்கம் கழித்தல் பக்கம் இருந்தது. சரியாகத்தான் போட்டிருந்தார்கள். செல்லிலிருந்து கசிந்த வெள்ளைப் பொடியும் இல்லை. பொடி இருந்தால் வெறும் கையால் தொடாமல் துணியால் துடைக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

கடை தூரத்தில் இருந்தது. பாட்டி சுவரைப் பார்த்தார். அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் அதே அளவு செல்தான். அதைக் கழற்றி மவுஸில் போட்டார்கள். சிவப்பு வெளிச்சம் வந்தது.

அம்பு அப்போதும் அசையவில்லை.

பெண்ணின் முகம் வாடிவிட்டது. இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். ஒரு பழுதுக்குப் பின்னால் இன்னொரு பழுதும் இருக்கலாம் என்று தோன்றுவதில்லை.

வால் இல்லாத எலி எப்படிப் பேசுகிறது? ரேடியோ அலையால் பேசுகிறது. அதைக் கேட்பதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு காது வேண்டும். விரல் நகம் அளவே உள்ள ஒரு துண்டு அது. ரிசீவர் என்பார்கள். யு.எஸ்.பி. துளையில் செருகியிருக்கும். பெண்ணுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் பிரிண்டர் கம்பியைச் செருகும்போது அதைப் பிடுங்கி, பக்கத்துத் துளையில் அவசரமாக வைத்திருந்தாள். பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினாள். அது பாதிதான் உள்ளே போயிருந்தது.

அதை எடுத்துப் பெட்டியின் முன்பக்கத் துளையில் நன்றாக அழுத்திச் செருகினாள். சில நொடிகள் கழித்து அம்பு அசைந்தது.

முன்பக்கம் செருகியதும் நல்லதே. பெட்டி இரும்பால் ஆனது. பின்பக்கம் இருந்தால் அந்த இரும்பு அலையை மறைக்கும். பக்கத்துத் துளையில் வேகமான சேமிப்புப் பெட்டி ஓடினாலும் இரைச்சல் எழும். சந்தைக்கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சு காதில் விழாதது போல. 2012-இல் இன்டெல் நிறுவனமே இதைச் சோதித்து எழுதியிருக்கிறது. அம்பு விட்டுவிட்டு நகர்ந்தால் ரிசீவரை மவுஸுக்கு அருகில் கொண்டுவந்து பார்க்கலாம். கண்ணாடி மேசையிலும் அம்பு தடுமாறும். மவுஸின் கண் அடியில் உள்ள பரப்பைப் பார்த்துத்தான் நகர்வை அறிகிறது. தெளிந்த கண்ணாடியில் பல மவுஸ்களுக்கு எதுவும் தெரியாது. ஒரு காகிதத்தை அடியில் வைத்தால் போதும்.

இரண்டு மூன்று கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். ரிசீவர்கள் மாறிப்போகும். இங்கே நகர்த்தினால் அங்கே அம்பு ஓடும்! பெரும்பாலும் ஒரு மவுஸின் பேச்சு அதனுடன் வந்த ரிசீவருக்கு மட்டுமே புரியும். ஆகவே இரண்டிலும் ஒரே நிறத்தில் பொட்டு வைத்துவிடுவது நல்லது. ரிசீவர் மிகச் சிறியது. குழந்தைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புளூடூத் மவுஸுக்கு மட்டும் தனி ரிசீவர் தேவைப்படாது. அதைக் கம்ப்யூட்டரோடு ஒருமுறை பழக்கப்படுத்த வேண்டும்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால், மவுஸையும் ரிசீவரையும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம். அங்கே ஓடினால் மவுஸ் நல்லது. அங்கேயும் ஓடாவிட்டால் பழுது மவுஸிலோ ரிசீவரிலோதான் இருக்கும். அப்போது மவுஸை மாற்றினால் போதும், கம்ப்யூட்டரை மெக்கானிக்கிடம் தூக்கிப்போக வேண்டாம். பாதி எழுதிய வேலை திரையில் இருந்தால் பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் கண்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டே எஸ் எழுத்தை அழுத்தினால் வேலை பத்திரமாகும். டேப் பொத்தானால் ஒவ்வொரு கட்டமாக நகரலாம். என்டர் அழுத்தினால் மவுஸைச் சொடுக்கியது போல.

பாட்டி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு கைரேகைக் கருவியில் வைத்தார். முதல் தடவை பதியவில்லை. மண்ணிலும் பாத்திரத்திலும் தேய்ந்த விரல். வேறு விரலை வைத்ததும் பதிந்தது. பெண் சான்றை அச்செடுத்துக் கொடுத்தாள். பாட்டி தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்தார்.

புறப்படும் முன், மவுஸில் ஓடாத பழைய செல்லைக் கடிகாரத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னார். கடிகாரத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். முள் நகர்ந்தது. பெண் மணியைத் திருத்திவைத்தாள். பாட்டியின் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.