மூணு பேர் பாய்ஞ்சா பதினோரு பேரும் நகரணும்: க்ளோப்போட லிவர்பூல்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "ஹை ப்ரெஸ்னா என்ன ப்ரோ, எல்லாரும் பந்தைத் துரத்துறதா?" அப்படித் துரத்தினா பத்து நிமிஷத்துல நாக்கு தள்ளிடும். அதனால இன்னிக்கு ஒரே ஒரு டீமை எடுத்துக்கலாம். 2018-19 சீசன், யூர்கன் க்ளோப்போட லிவர்பூல்.

பேப்பர்ல 4-3-3. முன்னாடி நடுவுல ஃபிர்மினோ, வலப்பக்கம் சலா, இடப்பக்கம் மானே. எதிரணி கோல்கீப்பர் பந்தை சென்டர் பேக்கிட்ட உருட்டுறார்னு வச்சுக்குவோம். வழக்கமா முதல்ல பாயறது ஸ்ட்ரைக்கர். இங்க ஃபிர்மினோ பெரும்பாலும் அவசரப்பட மாட்டார். எதிரணியோட டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் பக்கத்துல நின்னு, நடுவழியா போற பாஸை அடைச்சிடுவார். பாயறது விங்கர். அதுவும் நேரா இல்ல, வெளிப்பக்கத்துல இருந்து வளைஞ்சு வருவார். ஏன்? அப்படி வரும்போது எதிரணி ஃபுல் பேக் அவர் முதுகுக்குப் பின்னால மறைஞ்சு போறார். ஒரே ஓட்டத்துல ரெண்டு வேலை: பந்து வச்சிருக்கிறவருக்கு நெருக்கடி, பக்கத்துப் பாஸுக்குப் பூட்டு.

சரி, சென்டர் பேக் சாமர்த்தியமா விங்கர் தலைக்கு மேல ஃபுல் பேக்குக்குத் தூக்கிப் போட்டுட்டா? அதுக்குத்தான் மிட்ஃபீல்டில் மூணு பேர். பந்து காத்துல இருக்கும்போதே ஹெண்டர்சனோ வைனால்டமோ அந்தப் பக்கம் கிளம்பிடுவாங்க. அவங்க கிளம்பின இடம் காலியாகுமே? அதை மூடத்தான் வான் டைக் தலைமையில டிஃபென்ஸ் லைன் கிட்டத்தட்ட நடுக்கோடு வரை ஏறி வரும். அந்த லைனுக்குப் பின்னால கிடக்கிற வெட்டவெளிக்கு கோல்கீப்பர் ஆலிசன்தான் காவல்.

இப்போ 2019 மே 7, ஆன்ஃபீல்டு. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. முதல் லெக்ல பார்சலோனா 3-0. சலா, ஃபிர்மினோ ரெண்டு பேருக்கும் காயம். ஆனாலும் ப்ரெஸ் மாறல. 54-வது நிமிஷம், வலப்பக்கம் ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு பந்தைப் பறிகொடுக்கிறார். தலையில கை வைக்கல, திரும்பி ஓடல. உடனே ஜோர்டி ஆல்பாவை நெருக்கிப் பிடுங்கி, கிராஸ் போடுறார். வைனால்டம் கோல்! 56-ல இன்னொண்ணு. கடைசியில 4-0.

இதோட நிறுத்தினா பாதி உண்மைதான். 2020 அக்டோபர் 4. லிவர்பூல் அப்போ லீக் சாம்பியன். ஆஸ்டன் வில்லாகிட்ட 7-2-ன்னு தோத்தாங்க. ஆலிசன் இல்ல, மானே இல்ல. கோல்கீப்பர் தப்பும் இருந்துச்சு, டிஃப்ளெக்‌ஷனும் இருந்துச்சு. ஆனா பெரிய பிரச்சினை வேற. முன்னாடி நெருக்கடி அரை நொடி தாமதம். பந்து வச்சிருக்கிறவருக்குத் தலை நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைச்சிருச்சு. பின்லைன் மட்டும் வழக்கம்போல மேலேயே நின்னுச்சு. அந்த வெட்டவெளிக்குள்ள வாட்கின்ஸும் கிரீலிஷும் திரும்பத் திரும்ப ஓடினாங்க.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழக்கமான வலி. ஒவ்வொரு சர்வீஸும் தனியா ஒழுங்காத்தான் ஓடும். ஒண்ணு லேட்டா பதில் சொல்லும், இன்னொண்ணு அது தெரியாம தன் வேலையைப் பார்த்துட்டே இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு நம்ம ஃபோன் அடிக்கும். ஹை ப்ரெஸ்ல பந்தயம் கட்டுறது அந்த நேர ஒத்திசைவு மேலதான். சரியா அமைஞ்சா பார்சலோனா, பிசகினா வில்லா.

அடுத்த தடவை மேட்ச் பார்க்கும்போது ஒரு வேலை பண்ணுங்க. விங்கர் பாயற நொடியில பந்தைப் பார்க்காதீங்க, பின்லைனைப் பாருங்க. அவங்களும் சேர்ந்து ஏறுறாங்களா, முன்னாடி நெருக்கடி இருக்கா? ரெண்டுல ஒண்ணு இல்லன்னா, கோல் எங்கிருந்து வரும்னு உங்களுக்கே முன்கூட்டித் தெரிஞ்சிடும்.

அடுத்த எபிசோடுல, இந்த ப்ரெஸ்ஸை உடைக்கிற டீம்களைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும், டாட்டா!