கூடி உண்போம், கூடி நடப்போம்

(புதுக்கோட்டை மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டம் ஒன்றில் சமுதாய சுகாதாரச் செவிலியர் ஆற்றிய உரை)

அன்பார்ந்த தாய்மார்களே, சகோதரிகளே, வாசலோடு நின்றுகொண்டிருக்கும் பெரியவர்களே! பெரியவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். இன்று பேசப்போவது பெண்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. வீட்டில் சோறு சாப்பிடுகிற எல்லோருக்கும் உரிய விஷயம்.

புது மருந்தோ புது ஊசியோ நான் கொண்டுவரவில்லை. நம் அடுப்பங்கரையைப் பற்றியும் நம் கால்களைப் பற்றியும்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு சொல்கிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. உங்கள் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு என்று அர்த்தம். இன்னொரு கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து, 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்த நோயின் வாசற்படியில் நிற்கிறார்கள்.

ஒரே வீட்டில் மகளுக்கு இரத்தம் குறைவு, அப்பாவுக்குச் சர்க்கரை, பாட்டிக்கு இரத்தக் கொதிப்பு. அடுப்பு ஒன்றுதான், பானையும் ஒன்றுதான். நோய் மட்டும் மூன்று!

“இதெல்லாம் தெரியாமலா இருக்கோம்? கீரை சாப்பிடணும், நடக்கணும்னு எல்லாரும்தான் சொல்றாங்க” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தெரியாமல் யாரும் இல்லை. தெரிந்ததைச் செய்யத் தொடங்கி, நாலாம் நாள் விட்டுவிடுகிறோம். ஏன் விடுகிறோம்? பெரும்பாலும் தனியாகத் தொடங்குவதால்தான். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்: நல்ல உணவையும் நடையையும் தனி ஆளாகத் தூக்கிச் சுமக்காதீர்கள். வீட்டோடு சேர்ந்து சாப்பிடுங்கள். தெருவோடு சேர்ந்து நடங்கள்.

தட்டைப் பாருங்கள்

நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் மலைபோலச் சோறு. அதைச் சுற்றிக் குழம்பு. ஓரத்தில் ஊறுகாய் அளவுக்குப் பொரியல். இதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் இவற்றில் ஏதாவது ஒன்று. காயும் பழமும் சேர்த்து ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

“அவ்வளவுக்குக் காசு எங்கே போறது?” என்றால், கடையில் விற்கும் சத்துமாவு டப்பாவுக்குக் கொடுக்கிற காசை இதற்குத் திருப்பினாலே போதும். கொல்லையில் நிற்கிற முருங்கை காசு கேட்பதில்லை. ஆப்பிள்தான் பழம் என்று யார் சொன்னது? கொய்யாவும் பப்பாளியும் நெல்லிக்காயும் நம் ஊரிலேயே விளைகின்றன. தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை எல்லாம் நம் மண்ணின் சத்துணவுகள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் மிகச் சிறிய பங்குதான் இருக்கிறது.

ஆனால் ஒன்று. “சர்க்கரைக்காரங்க கேழ்வரகு எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்” என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கேழ்வரகும் கோதுமையும் மாவுப்பொருள்தான். கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். காயும் பயறும் சேர்த்து, அடையாகவோ களியாகவோ, அளவோடு சாப்பிடுவதே நல்லது.

இரத்தசோகை உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாப்பிட்டு எழுந்ததும் ஒரு டீ குடிக்கிறோம். டீயிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ குடியுங்கள். கீரையோடும் பயறோடும் எலுமிச்சை பிழிந்துகொண்டால், அல்லது ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டால், இரும்புச் சத்து நன்றாகச் சேரும். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைக் குறைந்தது 180 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கீரை சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது.

உப்புக்கு ஒரு சுலபமான கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாளுக்குக் குறையாமல் வர வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மிக்சர் எல்லாம் இருக்கிற வீடென்றால் இன்னும் கூடுதலாக வர வேண்டும். உங்கள் வீட்டுப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது? அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். பதில் தானே தெரிந்துவிடும்.

தனிச் சட்டி வேண்டாம்

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் என்ன செய்கிறோம்? அவருக்கு மட்டும் தனியாக இரண்டு சப்பாத்தி. மற்றவர்களுக்கு வழக்கம்போல வடை, பாயசம். அவர் எதிரிலேயே எல்லோரும் சாப்பிடுகிறோம். அவர் ஆசைப்பட்டுக் கையை நீட்டினால் “உங்களுக்கு எதுக்கு இது?” என்று அதட்டுகிறோம். எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்? ஐந்தாம் நாள் யாருக்கும் தெரியாமல் டீக்கடைக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறார்.

அவருக்கு நல்லது என்று டாக்டர் சொல்கிற சாப்பாடு வீட்டில் எல்லோருக்கும் நல்ல சாப்பாடுதான். காய் அதிகம், சோறு அளவாக, எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் குறைவாக என்றால், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது கெடுதலா? வளரும் பிள்ளைக்கு இன்னும் ஒரு கை சோறும் ஒரு முட்டையும் கூடுதலாக வையுங்கள். ஆனால் ஒரே சட்டியில் சமையுங்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்போது அவருக்கு அது பத்தியமாகத் தோன்றாது, வீட்டுச் சாப்பாடாகவே தோன்றும்.

சேர்ந்து உட்காருவதில் இன்னொரு பலனும் உண்டு. எல்லோருக்கும் பரிமாறி முடித்து, சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர் யார்? நீங்கள்தான். பொரியல் தீர்ந்திருக்கும், முட்டை தீர்ந்திருக்கும். குழம்பும் சோறும்தான் இருக்கும். நாட்டில் இத்தனை பெண்களுக்கு இரத்தம் குறைந்திருப்பதற்கு இந்தக் கடைசிப் பந்தியும் ஒரு காரணம். வாசலில் நிற்கும் பெரியவர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். “நீயும் தட்டை எடுத்துக்கிட்டு உட்காரு” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை.

கால்களுக்கும் வேலை கொடுங்கள்

“நாள் பூரா வேலைதானே செய்யறோம், தனியா எதுக்கு நடக்கணும்?” என்று கேட்கிறீர்கள். நாற்று நடுகிறவர்களுக்கும் களை எடுக்கிறவர்களுக்கும் நான் நடக்கச் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவர்களுக்கு வேண்டியது நல்ல சாப்பாடும் ஓய்வும்தான். ஆனால் ஊர் மாறியிருக்கிறதே! உரலுக்குப் பதில் கிரைண்டர், அம்மிக்குப் பதில் மிக்சி, கிணற்றுக்குப் பதில் குழாய், நடைக்குப் பதில் ஸ்கூட்டி. வசதி வந்ததில் தவறில்லை. வேலை குறைந்த உடம்புக்கு அந்த வேலையை வேறு விதமாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

லண்டன் நகரில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து, 1953-இல் முடிவை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. ஊரும் ஒன்று, பஸ்ஸும் ஒன்று. கால்களுக்குக் கிடைத்த வேலை மட்டும் வேறு.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் போதும். தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம். எவ்வளவு வேகம்? நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

துணைதான் மருந்து

துணையின் பலன் வெறும் பேச்சல்ல. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோரும் சர்க்கரை நோயின் வாசற்படியில் இருந்தவர்கள். சாதாரண அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் பற்றி அடிக்கடி பேசி ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இந்த முடிவு 2006-இல் வெளியானது. பிறகு 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில், 537 ஆண்களில் ஒரு பாதிப் பேருக்குச் செல்போனில் அடிக்கடி நினைவூட்டும் செய்தி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில், செய்தி வராதவர்களில் 100-க்கு 27 பேருக்கும், வந்தவர்களில் 18 பேருக்கும் சர்க்கரை வந்தது. ஒரு செல்போன் செய்திக்கே இவ்வளவு பலன் என்றால், வாசலில் வந்து “அக்கா, கிளம்பியாச்சா?” என்று கேட்கிற குரலுக்கு எவ்வளவு பலன் இருக்கும்!

இவ்வளவு ஏன், நம் மாவட்டத்துக் கதையே இருக்கிறதே! 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஒருத்தி தனியாக ஓட்டியிருந்தால் அந்தக் கேலியிலேயே சைக்கிளைச் சாத்தி வைத்திருப்பாள். கூட்டமாக ஓட்டினார்கள், கேலி ஓய்ந்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். அந்த ஊரின் பெண்கள்தானே நாம்?

எப்படித் தொடங்குவது?

1. இருவர் இருவராகச் சேருங்கள். பக்கத்து வீடாக இருந்தால் நல்லது. நேரமும் இடமும் ஒன்றாக இருக்கட்டும்.

2. துணை வராத நாளில் விட்டுவிடாதீர்கள். “என்ன, இன்னைக்குக் காணோமே?” என்று போய்க் கேளுங்கள். உடம்புக்கு முடியவில்லையா, வீட்டில் ஏதும் சங்கடமா என்பதும் அப்போதுதான் தெரியும்.

3. குழுவின் சேமிப்பு நோட்டைப் போல, நடைக்கும் ஒரு நோட்டு போடுங்கள். நடந்த நாளுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். எடையை வைத்து ஒருவரோடு ஒருவர் போட்டி போட வேண்டாம். யாரையும் குண்டு என்றோ ஒல்லி என்றோ பேச வேண்டாம். வெட்கப்பட்டால் நாளைக்கு வரமாட்டார்.

4. குழுக் கூட்டத்தில் போண்டாவுக்குப் பதில் சுண்டல் கொடுங்கள். நல்லதைப் போலவே கெட்ட பழக்கமும் கூட்டத்தில்தான் பரவுகிறது.

5. 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் இருவராகச் சேர்ந்தே சுகாதார நிலையத்துக்கு வந்து இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டு நடக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடக்கக் கூடாது. மடியில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். மயக்கமோ நடுக்கமோ வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளலாம். செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். நடை நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தாய்மார்களே! ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். உடம்பும் ஒரு தேர்தான். வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, “நாளைக்கு எத்தனை மணிக்கு, எங்கே?” என்று கேளுங்கள். பதில் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். அடுத்த மாதம் நான் வரும்போது அந்த நடை நோட்டை எனக்குக் காட்ட வேண்டும்.