வாசிப்பறைக் கதவுக்கு வெளியே ஒரு நோட்டு

(பொதுக்குழுக் கூட்டத்தில் நூலகக் குழு சார்பில் பேசியது. இந்தத் தீர்மானம் மூன்று மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருப்பதால், அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



அடுத்த தீர்மானம், கிளப் ஹவுஸ் வாசிப்பறையைப் பார்சல் அறையாக மாற்றுவது. பேசப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஐந்தில் முடித்துவிடுகிறேன், வெளியே காபி ஆறிக்கொண்டிருக்கிறது.

மாற்றச் சொல்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செக்யூரிட்டி மேசைமேல் பார்சல்கள் மலையாகக் குவிகின்றன. வாசிப்பறையிலோ மாதத்துக்கு ஏழெட்டுப் புத்தகம் இரவல் போனாலே பெரிய விஷயம். அலமாரியில் பாதி, வீடு காலி செய்தவர்கள் விட்டுப்போன பழைய நுழைவுத்தேர்வுப் புத்தகங்கள்.

ஆனால் ஒருநாள் காலை பத்து மணிக்கு அந்த அறைக்குப் போய்ப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் இரண்டு பெண்கள். லேப்டாப்போடு ஒருவர். செய்தித்தாளை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்ட நம் பெரியவர்கள். இவர்கள் புத்தகம் எடுத்துப் போவதில்லை, அதனால் இரவல் பதிவேட்டில் இல்லை. அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்து முடிவெடுக்கப் போகிறோமே என்பதுதான் என் கவலை.

பெரிய நூலகங்கள் இந்த மாற்றத்தை எப்போதோ புரிந்துகொண்டன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவென்றே தனிப் பகுதி உண்டு. இத்தனை லட்சம் புத்தகம் இருக்கும் இடத்துக்கு நம் புத்தகத்தையே எடுத்துப் போவதா என்று சிரிக்கலாம். அங்கே தேடி வருவது நாற்காலியையும் அமைதியையும். இரண்டு அறை வீட்டில், டிவி ஓட, குக்கர் கூவப் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

2010-ல் திறந்த அந்த நூலகத்தையே அடுத்த ஆண்டு குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முடிவு செய்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மருத்துவமனை நல்ல காரியம்தானே? நல்ல காரியம்தான். நம் பார்சல் அறையும் அப்படித்தான். அதற்கு வேறு இடமே கிடையாதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டாமா?

“எல்லாம் போனிலேயே வந்துவிட்டதே” என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். உண்மை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். நூலகம் வடிவம் மாறுவதும் புதிதல்ல. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். அதைத் தொடங்கிவைத்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதே ஆண்டு வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது. ஆனால் மின்னூலகத்தில் நம் வீட்டுப் பாட்டிக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட ஒருவர் வேண்டும். அந்த ஆள் இருக்கும் இடமாக வாசிப்பறை இருக்கலாம்.

சொத்து வரி ரசீதைப் பாருங்கள். நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. கட்டிய காசுக்கு நம்மில் எத்தனை பேர் கிளை நூலகத்தில் உறுப்பினர்? ஆகிவிட்டால் புதுப் புத்தகம் வாங்கும் செலவும் நமக்குக் குறையும்.

எங்கள் யோசனை இது. பழைய நுழைவுத்தேர்வுப் புத்தகங்களைக் கழிப்போம். காலியாகும் இடத்தில் இரண்டு மேசை, நாலு பிளக் பாயிண்ட். பார்சலுக்கு, பி பிளாக் தரைத்தளத்தில் பில்டர் ஆபீஸாக இருந்த அறை, பெயிண்ட் டப்பாக்களோடு பூட்டிக் கிடக்கிறது. சாவி செயலாளரிடம் இருக்கிறது. லிஃப்டுக்கும் அதுதான் பக்கம்.

தீர்மானத்தை மூன்று மாதம் ஒத்திவையுங்கள். நாளை முதல் வாசிப்பறைக் கதவுக்கு வெளியே ஒரு நோட்டு தொங்கும். உள்ளே போகிறவர்கள் பிளாட் எண்ணும் நேரமும் எழுதினால் போதும். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறோம், தயவுசெய்து அவிழ்க்காதீர்கள்.