தொழுவம் பட்டறையானால்



குலசேகரன்பட்டினம், உடன்குடி, மணப்பாடு பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றின் பின்புறத்தில் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று இருக்கும். ஒரு காலத்தில் மாடு கட்டிய இடம், அல்லது கருப்பட்டிச் சிப்பம் அடுக்கிய இடம். இப்போது அதில் கால் உடைந்த கட்டிலும் ஓட்டை வாளியும் கிடக்கின்றன. இடித்துவிட்டுக் கார் நிறுத்தலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். கைவேலையில் ஆசை உள்ளவருக்கு அதைவிட நல்ல பட்டறை அமையாது.

முதலில் கூரையைப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனங்கையாக இருந்தால் கரையான் லேசில் நெருங்காது. சந்தேகம் இருந்தால் சுவரில் செருகியிருக்கும் முனையை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் கையை மட்டும் மாற்றினால் போதும். வடக்குச் சரிவில் இரண்டு கண்ணாடி ஓடு பதித்துவிட்டால் பகலில் விளக்கே வேண்டாம்.

அடுத்தது சுவர். தொழுவச் சுவரின் அடிப்பகுதியில் மாட்டு மூத்திரத்தின் உப்பு ஊறியிருக்கும். கடல் காற்றின் உப்பும் அதோடு சேரும். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, நாளடைவில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசுங்கள். தரை, கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காக வாட்டமாக இருக்கும். அதை முழுக்கச் சமன் செய்ய வேண்டாம். மேசை நிற்கும் இடத்தை மட்டும் மட்டப்படுத்துங்கள். வாட்டம் பிறகும் உதவும்.

நம் கரையில் பட்டறைக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று உப்புக்காற்று. உளியும் ரம்பமும் எண்ணெய்த் துணி படாமல் ஒரு வாரம் கிடந்தால் துரு ஏறிவிடும். மற்றொன்று தேரி என்னும் செம்மணல் மேட்டின் மணல். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்றில் சாயம் பூசிய எதுவும் தப்பாது. மேற்கு ஜன்னலுக்குக் கதவு கட்டாயம்.

சரி, அங்கே என்ன செய்வது? குலசையில், அதாவது குலசேகரன்பட்டினத்தில், இதற்கு யோசிக்கவே வேண்டாம். தசரா இருக்கிறது. முத்தாரம்மனுக்கு மாலை போட்டு வேடம் கட்டுகிறவர்களுக்குக் கிரீடம், சடைமுடி, நெற்றிப்பட்டை, வீரப்பல், சூலாயுதம் எல்லாம் வேண்டும். கடையில் கிடைக்கும்தான். ஆனால் காளி வேடம் கட்டியவர் அந்தக் கிரீடத்தோடு ஊர் ஊராக நடந்து காணிக்கை வாங்க வேண்டும். தலை அளவுக்கு அட்டை வெட்டி, உள்ளே துணிச் சும்மாடு வைத்துத் தைத்து, போட்டு நடந்து பார்த்து, அழுத்துகிற இடத்தில் மறுபடி பிரித்துச் சரி செய்வது வீட்டுப் பட்டறையில்தான் நடக்கும். பசை காயும்வரை வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரலாம். நடுக்கூடத்தில் அது முடியுமா? சாயங்காலம் யாராவது பெருக்கி ஒதுக்கிவிடுவார்கள். இப்படி ஓர் இடத்தின் பெரிய லாபமே, பாதி வேலை பத்திரமாகக் கிடக்கும் என்பதுதான்.

பழைய கட்டடத்தில் பெரிய வேலை நடக்குமா என்று கேட்பவர்களுக்குக் கேரளத்துத் தும்பாவைச் சொல்வேன். ராக்கெட் தளத்துக்கு இடம் வேண்டும் என்று விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா புனித மரிய மகதலேனா ஆலயத்தையும் தம் இல்லத்தையும் கொடுத்தார். ஜெபக்கூடம் தம் முதல் ஆய்வுக்கூடமானது என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அங்கிருந்த மாட்டுக்கொட்டகையையும் விஞ்ஞானிகள் விட்டுவைக்கவில்லை. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அந்த வழியில் வந்த இஸ்ரோதான் இப்போது நம் குலசையில் ஏவுதளம் கட்டுகிறது. அதற்கு அடிக்கல் நாட்டியது 2024 பிப்ரவரி 28-ல்.

குறையும் உண்டு. பட்டறை என்று பேர் வைத்ததும் வீட்டுத் தட்டுமுட்டெல்லாம் திரும்ப அங்கேயே வந்து சேரும். வாசலிலேயே தடுத்துவிடுங்கள். மதியத் தூக்க நேரத்தில் சுத்தியலைத் தொடாதீர்கள். ஆசைப்பட்டு மிஷின்களை முதலிலேயே வாங்கிக் குவிக்காதீர்கள். கெட்டியான ஒரு மேசை, ஒரு ரம்பம், ஒரு சுத்தியல், இரண்டு உளி போதும். இவற்றை வைத்து ஒரு வேலையை முடித்த பிறகு, எந்த மிஷின் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.